படம் எப்படி என்று கேட்டார்கள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம் தாண்டிய நேரம். இடம், தமிழ்ப் படம் போடுவதற்காக ஒஸ்லோவில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சிறிய திரையரங்கு. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழுந்து எல்லாருடைய சப்பாத்தையும் நனைத்துக்கொண்டிருந்தது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். இப்போது முப்பத்தெட்டு. நகரத்தின் கிழக்கோரத்தில், புருசெத்தில் ஒரு தொடர்மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. நாள் முழுக்க மற்றவர்களிடம் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என்னுடைய வாய் மட்டும் திறக்க வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டும், பூட்ட வேண்டிய நேரத்தில் திறந்துகொண்டும் நின்றதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இருபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு கல்யாணம் நடந்தது. தெரிந்தவர்கள் மூலம் பேசி வந்த லண்டன் மாப்பிள்ளை. மண்டபம் நிறையச் சனம். பதினான்கு மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. யார் பிழை என்பது இங்கே வேண்டாம். எனக்கு அந்த மனிதர் போனதைவிட, அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அம்மா கோயில் பக்கமே போகாமல் இருந்ததுதான் பெரிய வலி. போனால் கேட்பார்கள். "மகள் இப்ப எங்கை இருக்கிறா?" என்று ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரிக் கேட்பார்கள். இனி என்னால் அம்மா ஊர் வாயில் விழக்கூடாது என்று அப்போதே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். எடுத்த முடிவில் ஆறு வருடம் உறுதியாகவும் இருந்தேன்.

அப்படி இருந்தவளுக்கு ஒரு கட்டுக் கறிவேப்பிலையால் வினை வந்தது.

ஒஸ்லோத் தமிழர்கள் சில நூறு பேர் சேர்ந்திருக்கும் தொலைபேசிக் குழு ஒன்று இருக்கிறது. கட்டில் விற்பனைக்கு, அறை வாடகைக்கு, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை, இப்படித்தான் அதில் வரும். ஒரு ஏப்ரல் மாதம் அதில் ஒருவர், "இந்த ஊரில் கறுத்துப்போகாத கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்?" என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டுக்காரர். கணினி வேலைக்காக வந்து ஒரு வருடமாகியிருந்தது. நகரத்தின் மற்றக் கரையில், மேற்குப் பக்கத்தில் இருந்தார். குழுவில் ஆளுக்கொரு பகிடி விட்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாவமாக இருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு வியாழக்கிழமைகளில் வரும், நாலு மணிக்கு முன் போனால் கிடைக்கும் என்று நான் தனியாக எழுதிப் போட்டேன். போனார், கிடைத்தது, நன்றி சொன்னார். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

அடுத்த வியாழக்கிழமை, அதே கடையில் "மிதிவெடி" என்று எழுதியிருந்த ஒரு தின்பண்டத்தைக் கண்டு பயந்து வாங்காமல் வந்துவிட்டதாக எழுதினார். உள்ளே முட்டை வைத்துப் பொரித்த பண்டம் அது, வெடிக்காது, என் பொறுப்பு என்று பதில் போட்டேன். அதற்கடுத்த வாரம் நான்கு தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அப்படியே எழுத்து வளர்ந்து ஒருநாள் குரலாயிற்று.

எங்கள் தமிழைக் கேட்டதும் இந்தியத் தமிழர் எல்லாரும் தப்பாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. உங்கள் தமிழ் எவ்வளவு இனிமை, கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். எனக்குக் கோபம் வரும். நான் என்ன வானொலியா? அவர் அதைச் சொல்லவில்லை. நான் கதைத்ததில் விளங்காத இடத்தில் நிறுத்தி, "இத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். நான் சொன்ன விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் மினக்கெட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

எங்கே கதைப்பது என்பது அடுத்த பிரச்சினை. வீட்டில் அம்மா. ரயிலில் ஏறினால் பெட்டிக்கு இரண்டு தெரிந்த முகம். கடைசியில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை அறைதான் கைகொடுத்தது. பெயர் எழுதி நேரம் எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் அந்த அறை நமக்குத்தான். செவ்வாய், வியாழன் பின்னேரங்களிலும் சனிக்கிழமை காலையிலும் எடுத்தேன். இயந்திரம் சுற்றும் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. தோய்க்கத் துணி இல்லாவிட்டால் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டுத் துணிகள் அந்த ஏழு மாதம் போல ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை.

"ரெண்டு பேரின்ரை உடுப்புக்கு என்ன பிள்ளை இவ்வளவு தோய்ச்சல்?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். "கிளினிக்கிலை கிருமி அம்மா" என்று சொல்லித் தப்பினேன்.

ஆளுக்கொரு புகைப்படம் அனுப்பியிருந்தோம். ஆனால் நேரில் சந்திக்கவில்லை. நம்புவீர்களோ தெரியாது, நாற்பது நிமிட ரயில் தூரத்தில் இருந்துகொண்டு ஏழு மாதம் சந்திக்கவில்லை. அவர் கேட்காமல் இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் நோ, எனக்குத் தடிமன் காய்ச்சல், கிளினிக்கில் ஆள் இல்லை. உண்மைக் காரணம் பயம். ஒரு கோப்பிக் கடையில் ஓர் ஆணோடு நான் உட்கார்ந்திருப்பதை ஒருவர் கண்டால், நான் வீடு வந்து சேர முதல் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

நவம்பரில் அவர் ஒரு செய்தி சொன்னார். நெதர்லாந்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இங்கேயும் இருக்கச் சொல்கிறார்கள். எது என்று திங்கட்கிழமை இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அதுக்கு முன்னாடி உங்கள ஒரே ஒரு தடவ நேர்ல பாக்கணும். எதுவும் கேக்க மாட்டேன்" என்றார்.

நான் அன்று சலவை இயந்திரத்தின் முன் உட்கார்ந்து நன்றாக யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் படம் ஒன்று வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி ஏற்கெனவே எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து அனுமதிச்சீட்டு எடுத்துவிட்டார். படம் முடிந்ததும் வெளியே தேநீர் மேசையில் ஆளுக்கு ஆள் "படம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டு நிற்பது வழக்கம். அங்கே தெரியாதவரோடு கதைத்தாலும் குற்றமில்லை. அவர் வந்து, எல்லாரும் கேட்பது போல என்னிடமும் கேட்கட்டும். நானும் பதில் சொல்லி, "அம்மா, இவர்தான் அண்டைக்குக் குழுவிலை கறிவேப்பிலை கேட்டவர்" என்று அறிமுகப்படுத்துகிறேன். அம்மா அவரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மிச்சத்தை வீட்டில் மெதுவாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு, போகவேண்டாம் என்று அவரிடமும் சொல்லலாம். திட்டத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "ஆபரேஷன் மாதிரி பிளான் பண்றீங்க" என்றார்.

இதில் வேடிக்கை, படமும் எங்களைப் போன்ற ஆட்களைப் பற்றியதுதான். அது எனக்குப் போகும்வரை தெரியாது. கதாநாயகியின் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிடும். அவள் நிறுவனத்துக்கு இணையத்தில் முறைப்பாடு எழுதுவாள். அங்கிருந்து பதில் எழுதும் கதாநாயகன் தன்னை ஓர் இயந்திரம் என்று காட்டிக்கொள்வான். இயந்திரம்தானே என்று அவள் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டுவாள். மூன்று மாதம் இப்படியே போகும். கடைசியில் அவளுக்கு வேறு ஒருவரோடு நிச்சயதார்த்தம் நடக்கும் நாளில், பெட்டியைத் திருத்துகிற ஆளாக அவன் வந்து நிற்பான். "யார் இவன்?" என்று அப்பா கேட்க, சபை நிறைந்த சனத்துக்கு முன் அவள், "எனக்குத் தெரிஞ்சவர்ப்பா" என்பாள். அதோடு பாட்டு.

நான் அவரை வாசலிலேயே கண்டுவிட்டேன். அனுப்பிய புகைப்படத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் குள்ளம். பச்சை நிறத்தில் தடித்த குளிர்ச்சட்டை. தலையில் முன்பக்கம் மயிர் குறைவு. அதை அவர் முன்பே சொல்லி எச்சரித்திருந்தார். என்னைக் கண்டார், பேசிவைத்தபடி கண்டுகொள்ளாத மாதிரி நின்றார். ஆனால் காதுகள் சிவந்துபோயின. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் பக்கத்தில் நின்ற அன்ரிக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

உள்ளே அவர் எங்களுக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தார். படம் தொடங்கி ஒரு பத்து நிமிடம் இருக்கும். பகிடி ஒன்றுக்கு மண்டபமே சிரித்தது. அத்தனை சிரிப்புக்குள்ளும் அவருடைய சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. தொலைபேசியில் ஏழு மாதம் கேட்ட அதே சிரிப்பு. முதலில் அடக்கிப் பிறகு உடையும். ஒரு மனிதரின் சிரிப்பு இத்தனை கிட்டத்தில் இருந்து வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த பகிடி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு மணி நேரம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த நாட்டுத் திரையரங்குகளில் இடைவேளை கிடையாது. ஆனால் படம் கொண்டுவருகிற அண்ணை இடைவேளை விட்டே தீருவார், தேநீரும் ரோல்ஸும் விற்க வேண்டுமே. வெளியே வந்து தேநீரை வாங்கியதும் பக்கத்து வீட்டு அன்ரி தொடங்கினார்.

"உதென்ன கண்டறியாத காதல்? போனுக்கை கதைச்சுப் போனுக்கையே குடும்பம் நடத்தப் போகினமே? வேலை வெட்டி இல்லாததுகள்" என்றார். பிறகு, "ஆளைப் பாத்து, வீடு வாசல் விசாரிச்சுச் செய்த கலியாணங்களே நிண்டுபிடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்து நாக்கைக் கடித்தார்.

அன்ரி கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு மாதம் சோறு சமைத்துக் கொடுத்தவர். வாய்தான் கொஞ்சம் முந்திவிடும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் தேநீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்துக்கு நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். பழைய அவமானம் திரும்பவும் வந்து அம்மாவின் முகத்தில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். இடைவேளை வரைக்கும் பறந்துகொண்டிருந்தவள் தொப்பென்று நிலத்துக்கு வந்தேன்.

படம் முடிந்தது. வெளியே வந்தால், நான் மறந்தே போயிருந்த இன்னொரு வழக்கம் எனக்காகக் காத்திருந்தது. படம் கொண்டுவருகிற அண்ணை ஒவ்வொரு முறையும் தன் தொலைபேசியோடும் ஒரு ஒலிவாங்கியோடும் வாசலில் நின்று, வருகிறவர்களின் கருத்தைப் பதிவு செய்து இணையத்தில் போடுவார். தேநீர் மேசைக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அன்று கருத்துகள் பல மாதிரி வந்தன. பாட்டு இரண்டைக் குறைத்திருக்கலாம் என்றார் ஒருவர். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு மாணவி, "ஹெல்ட் கிரெய்" என்று நோர்வே மொழியில் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாள். முதல் பாதி இழுவை என்று ஒரு கணவர் சொல்ல, "இவர் முதல் பாதி முழுக்க நித்திரை. இவருக்கு என்ன தெரியும்? நான் அழுதிட்டன்" என்று மனைவி ஒலிவாங்கியைப் பறித்தார். வழக்கம் போல ஒருவர், "குடும்பத்தோடை வந்து பாக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டு அன்ரி, இடைவேளையில் சொன்னதில் பாதியை இங்கேயும் சொன்னார். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"வாங்கோ தங்கச்சி. உண்மையைச் சொல்லுங்கோ, உப்பிடி ஒரு காதல் நடக்குமோ?"

பச்சைக் குளிர்ச்சட்டையில் அவர் தேநீர் மேசைக்குப் பக்கத்தில், கையில் குவளையோடு நின்றார். நாலு அடி தூரம்கூட இருக்காது. அண்ணை நகர்ந்ததும் வந்து கேட்கத் தயாராக நின்றார் என்பது பார்த்ததும் தெரிந்தது. என் ஒரு பக்கம் அன்ரி. மறுபக்கம் அம்மா. சுற்றிவர, கோயிலிலும் கடையிலும் நாளைக்கும் பார்க்கப்போகிற முகங்கள்.

"படம் பரவாயில்லை அண்ணை. ஆனா கதையை நம்பேலாது" என்றேன். இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு துணிவு வந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லாருக்கும் காட்டிவிட இதுதான் தருணம் என்று புத்தி சொன்னது.

"முகத்தைக்கூட நேரிலை காணாத ஒருத்தரோடை ஏழு மாசமா இருந்து கதைக்கிறவளுக்கு விசர். அவளுக்குக் காதல் தேவையில்லை, டொக்டர்தான் தேவை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரி கையே தட்டினார். நான் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், அவர் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கேட்க வந்த கேள்விக்கு வேறு யாரோ முந்திப் பதில் வாங்கிவிட்ட மாதிரிக் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை அடுத்ததாக அம்மாவைப் பிடித்தார். அம்மா ஒருநாளும் கமராவுக்கு முன் நின்றவர் இல்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எனக்குப் படம் பிடிச்சிருக்குத் தம்பி. மனம் விட்டுக் கதைக்க ஒரு ஆள் கிடைக்கிறது லேசான காரியமே?" என்றார். அண்ணையின் மனம் நோகக்கூடாது என்று மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அண்ணை அவரைக் கண்டார். "இந்தியாவிலையிருந்தும் ஒராள் வந்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கோ தம்பி, படம் எப்பிடி?"

அவர் மறுக்கவில்லை. "நல்லா இருந்தது. சிரிச்சேன்" என்றார். "கடைசி சீன் மட்டும்தான் நம்ப முடியல. அவ்ளோ பேர் முன்னாடி அந்தப் பொண்ணு மாதிரி யாராலயும் ஈஸியா சொல்லிட முடியாது. அது சொல்லாதவங்க தப்பும் இல்ல." சொல்லிவிட்டு அண்ணைக்கு நன்றி கூறி, குவளையைத் தொட்டியில் போட்டு, குளிர்ச்சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

நான் கதவுப் பக்கம் மூன்று அடி வைத்தேன். அப்போது அண்ணையின் மனைவி, "தங்கச்சி, ரோல்ஸ் மிச்சம் கிடக்கு, வீட்டை கொண்டுபோங்கோ" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். வேண்டாம் என்று ஓடியிருக்கலாம். எங்கள் ஆட்களிடம் அப்படி ஓட முடியாது. வேண்டாம் அக்கா, பரவாயில்லை அக்கா, பிள்ளைகள் சுகமோ அக்கா என்று நின்று, கடைசியில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை உள்ளே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும், துணி எதுவும் எடுக்காமல் வெறுங்கையோடு சலவை அறைக்குப் போய் அழைத்தேன். எடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். பயத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அதெல்லாம் புரிகிறது என்றார். அந்தப் பக்கத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு எவ்ளோ நாள் ஆனாலும் இங்கயே இருக்கேன்னு சொல்லத்தான் நேத்து வந்தேன்" என்றார்.

"இப்ப?"

"இப்ப சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க பாவம் பாத்து சரின்னு சொல்லிடுவீங்க. நீங்களா சொல்லுங்க, நான் இருக்கவா, போகவா?"

ஒரு சொல் போதும். போகாதேங்கோ. அந்த அறையில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. இயந்திரம்கூட ஓடவில்லை. அன்ரி இல்லை, அம்மா இல்லை, கமரா இல்லை. இருந்தும் நான் சொன்னது, "நல்ல வேலை எண்டால் எடுங்கோ" என்பதுதான். அவர், "சரிங்க" என்றார்.

அந்த நாள்வரை எல்லாவற்றுக்கும் ஊரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெறும் அறைக்குள் நின்றும் வாய் வராதபோது, ஊர் எனக்கு வெளியே மட்டும் இல்லை என்று விளங்கியது.

ஜனவரியில் அவர் போய்விட்டார். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு நான் ஒன்று அனுப்பினேன். பிறகு இரண்டு பக்கமும் ஓய்ந்துவிட்டது.

அந்த வசந்தத்தில் ஒருநாள் மாலை அம்மா சோபாவில் இருந்து அந்தக் கருத்துக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி அனுப்பியது. நான் அடுப்படியில் இருந்தேன். என் குரல் கேட்டது, சனம் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். அதற்குப் பிறகு அவருடைய குரல். அதில் காணொளி நின்றுவிட்டது.

"இந்தப் பெடியனே?" என்று அம்மா கேட்டார்.

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்தேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"படத்திலை மூண்டு மாசமெல்லே. நீ ஏழு மாசம் எண்டு சொன்னனீ. அப்பவே யோசிச்சனான். பிறகு பாத்தால், இந்தப் பெடியன் தேத்தண்ணி ஆறுறதும் தெரியாமல் உன்னையே பாத்துக்கொண்டு நிண்டவன்."

"தெரிஞ்சால் ஏனம்மா என்னட்டைக் கேக்கேல்லை?"

"நான் அண்டைக்குக் கமராவிலை சொன்னது ஆருக்கு எண்டு நினைச்சனீ? மிச்சத்தை நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை. நீயும் தோய்க்கப் போறதை விட்டிட்டாய். சரி, ஒண்டும் இல்லையாக்கும் எண்டு இருந்திட்டன்."

அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அன்று அழுத அழுகையை இங்கே விவரிக்க வெட்கமாக இருக்கிறது. யாருக்காக அவரை மறைத்தேனோ அந்த அம்மாவே எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறார். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

உடனே எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினேன். நீளமாக எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள் என்றும், தானும் சம்மதித்துவிட்டதாகவும், என் கடிதத்தை எப்போதும் மதிப்பதாகவும் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நான் வாழ்த்துச் சொன்னேன். அதன் பிறகு எழுதவில்லை. எழுதக் கூடாது.

அந்தக் காணொளி இன்னும் இணையத்தில் இருக்கிறது. பெரிதாக யாரும் பார்ப்பதில்லை. பார்த்த கணக்கில் பாதி நானாகத்தான் இருக்கும். முதலில் நான் வருவேன், பிறகு அம்மா, பிறகு அவர். எங்கள் மூன்று பேரையும் ஒன்றாகக் காட்டும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். போன மாதம், என்ன நினைத்தேனோ, அதன் கீழே என் சொந்தப் பெயரில், "அன்று நான் சொன்னது பொய். எனக்கு இந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது" என்று எழுதினேன். அன்ரி சிரிக்கும் முகம் ஒன்று போட்டார். அண்ணை, அடுத்த ஞாயிறும் ஒரு படம் இருக்கிறது, கட்டாயம் வாருங்கள் என்று எழுதினார். அவர் அதைக் காணப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கண்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. இருந்தாலும் பிடித்ததைப் பிடித்தது என்று நாலு பேர் பார்க்க ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

இப்போது அம்மாவும் நானும் மாதம் ஒரு படத்துக்காவது போகிறோம். அண்ணை ஒலிவாங்கியை நீட்டினால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் மனதில் பட்டதைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், கேட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார் என்கிற மாதிரி, என் கண் மட்டும் தன்பாட்டில் அந்தத் தேநீர் மேசைப் பக்கம் போய் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறது.